மலைமேல் ஒரு மீன்பிடி ஏரி: டிட்டிகாக்காவின் படகும் வலையும்

டிட்டிகாக்கா ஏரி பற்றி எந்தப் பயண நூலைப் புரட்டினாலும் ஒரு வாசகம் தவறாமல் வரும்: உலகத்திலேயே அதிக உயரத்தில் கப்பல் ஓடும் பெரிய ஏரி. அடுத்த பத்தியில் அந்தக் கப்பல் எப்படி மலையேறியது என்கிற கதை வரும். நல்ல கதைதான், நானும் கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் கொஞ்ச காலமாக இந்த ஏரியைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறதில், எனக்கு வேறு சில கேள்விகள்தான் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன. கப்பல் வருவதற்கு முன்னால் அங்கே ஆட்கள் எதில் போனார்கள்? மீன் பிடித்தது யார்? அவர்கள் பிடித்த மீன் இப்போது இருக்கிறதா?

மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஏரி யாருடையது? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் டிட்டிகாக்காவின் இருநூறு ஆண்டுக் கதை ஓரளவு புரிகிறது.

இடம்

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடர் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு பெரிய மேட்டுநிலத்தை விட்டுவைத்திருக்கிறது. அல்டிபிளானோ என்பார்கள். அந்த மேட்டுநிலத்தில் பெரு நாட்டுக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் கிடக்கிறது ஏரி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,810 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான், அதாவது சிகரத்தின் உச்சிக்கும் மேலே இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால்தான் இந்த ஏரியின் கரையே வரும். பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆழம் சில இடங்களில் 280 மீட்டர்.

டிக்கினா என்ற ஒடுங்கிய நீரிணை ஏரியை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே ஆழமான பெரிய ஏரி, தெற்கே வின்யாய்மார்கா எனப்படும் ஆழமில்லாத சின்ன ஏரி. சுற்றிலுமிருந்து பல ஆறுகள் உள்ளே வருகின்றன, வெளியே போவது தெசாகுவாதேரோ என்ற ஒரே ஒரு ஆறு. அதுவும் பேருக்குத்தான். ஏரியில் சேரும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகித்தான் போகிறது. இதை நினைவில் வையுங்க, கடைசியில் இதுக்கு வேலை இருக்கு.

இந்த உயரத்தில் நல்ல மரம் வளராது. ஆண்டிஸின் சொந்த மரங்கள் குட்டையானவை, கோணலானவை. நீளமான பலகை அறுக்கத் தேறாது. மரமில்லாத ஊரில் படகு எப்படி?

கோரையால் ஒரு படகு

பதில் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தது. டொடோரா என்கிற கோரை. ஏரியின் ஆழம் குறைந்த ஓரங்களில் இரண்டு மூன்று மீட்டர் தண்ணீருக்குள்ளிருந்து மேலே எழும்பி அடர்த்தியாக வளரும். தண்டுக்குள் பஞ்சு மாதிரி காற்றறைகள், அதனால் மிதக்கும். அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டாக இறுக்கினால் படகு. நடுவில் மெல்லிய ஒரு கட்டு, அதன் இரு பக்கமும் தடியான இரண்டு கட்டு, மேலே விளிம்புக்கு இரண்டு. கட்டுகிற கயிறு புல்லில் திரித்தது. பாய்கூட அதே கோரையில் பின்னியதுதான். ஆழம் குறைந்த இடத்தில் நீளக் கழியால் ஊன்றித் தள்ளுவார்கள்.

இந்தப் படகு மூழ்காது. அதுதான் அதன் பெருமை. ஆனால் ஊறும். மீன்பிடித்து வந்ததும் கரையில் ஏற்றிக் காயப்போட வேண்டும். எவ்வளவு காயப்போட்டாலும் ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம். அப்புறம் கோரை அழுகிவிடும், அடுத்த படகைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே கரையில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் படகு கட்டத் தெரிந்த ஒருவராவது இருந்தாக வேண்டும், கோரை அறுக்க ஒரு இடமும் இருந்தாக வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். படகு என்பது இங்கே கோரைப் பாத்தியோடு ஒட்டிக்கொண்ட பொருள். கோரை யாருடையதோ அவருக்குத்தான் படகு, படகு யாருக்கோ அவருக்குத்தான் மீன்.

கோரை படகுக்கு மட்டுமில்லை. மாட்டுக்குத் தீவனம், கூரைக்கு வேய்ச்சல், படுக்கப் பாய். வெள்ளையான அடித்தண்டை மனிதர்களே உரித்துத் தின்பார்கள். வெளியாள் கண்ணுக்கு அது தானாக முளைத்த காடு மாதிரி தெரியும். ஆனால் அதில் கணிசமான பகுதி நட்டு வளர்த்தது. ஏரி மட்டம் இறங்கிக் கோரை காய்ந்தால், வேர்க்கிழங்கைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஊன்றுவது கரை ஊர்களின் பழைய வழக்கம்.

இந்தக் கோரை வாழ்க்கையின் எல்லைக்கே போனவர்கள் உரோ மக்கள். கோரையின் வேர்க்கட்டிகளை ஒன்றாகப் பிணைத்து, மேலே கோரையைப் பரப்பி, மிதக்கும் தீவுகளாக்கி அதன்மேல் குடியிருந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்தபோது இந்தப் பகுதியில் விவசாயமும் லாமா மந்தையும் வைத்திருந்த ஐமாரா மக்கள் பெரும்பான்மை, மீனும் கோரையுமாக வாழ்ந்த உரோக்கள் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். 1590இல் வெளியான தன் நூலில் ஹோசே தெ அக்கோஸ்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் இவர்களைப் பற்றி எழுதுகிறார்: நீங்கள் யார் என்று கேட்டதற்கு, தாங்கள் மனிதர்கள் இல்லை, உரோக்கள் என்று பதில் சொன்னார்களாம். ஏதோ அறியாமை மாதிரி அவர் அதை எழுதிவைக்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. மனிதன் என்று பதிவானால் வரிப் பட்டியலில் ஏற வேண்டும். சொந்த நிலமில்லாத மீனவனுக்கு அந்தப் பட்டியலில் ஏறி என்ன லாபம்? இது என் ஊகம்தான். ஆனால் அக்காலத்து ஸ்பானிய வரிக்கணக்குகளில் உரோக்களை ஐமாராக்களிலிருந்து தனியாக எண்ணி, குறைந்த வரி போட்டிருந்தார்கள் என்பது ஊகமில்லை.

கோரையின் வலிமையைச் சந்தேகிக்கிறவர்களுக்கு இரண்டு சாட்சி. ஒன்று, தெசாகுவாதேரோ ஆற்றின் மேல் இன்கா காலத்திலிருந்து இருந்த மிதவைப் பாலம். கோரைப் படகுகளை வரிசையாகக் கட்டி மேலே கோரை பரப்பிய பாலம் அது. எஃப்ராயிம் ஸ்குயர் என்ற அமெரிக்கர் 1860களில் அந்தப் பக்கம் பயணம் போனவர், 1877இல் வெளியான தன் நூலில் அதை விவரித்திருக்கிறார். இன்னொன்று, தோர் ஹெயர்தால் செய்த கடல் பயணம். நாணற் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டலாம் என்று காட்ட 1969இல் அவர் கட்டிய முதல் படகு 'ரா'. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் படகோட்டிகள் கட்டியது, வழியிலேயே பின்பக்கம் தொய்ந்து கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் டிட்டிகாக்காவின் சுரிக்கி தீவிலிருந்து பாவுலினோ எஸ்தெபான் உள்ளிட்ட நான்கு ஐமாரா ஆட்களை மொராக்கோவுக்கு அழைத்துப் போனார். அவர்கள் கட்டிக்கொடுத்த 'ரா 2' 57 நாளில் பார்படோஸ் போய்ச் சேர்ந்தது. கடலையே பார்க்காத ஏரியில் பழகிய கை, பெருங்கடலைத் தாண்டிவிட்டது.

கழுதை முதுகில் வந்த கப்பல்

இனி அந்தப் பிரபலமான கதை. 1860களின் தொடக்கத்தில் பெரு அரசு இந்த ஏரிக்கு இரண்டு நீராவிக் கப்பல்கள் வேண்டும் என்று இங்கிலாந்தில் சொல்லிவைத்தது. யாவாரி, யாப்புரா என்று பெயர். ஏரியில் காவலும் சுற்றலாம், கம்பளியும் கனிமமும் ஏற்றலாம் என்பது கணக்கு. மலைமேல் கப்பல் கட்ட இரும்பு கிடையாது, கொண்டுபோக ரயிலும் கிடையாது. ஆகவே லண்டனில் கப்பலைத் துண்டு துண்டாகச் செய்து, ஒரு கோவேறு கழுதை சுமக்கிற எடைக்கு மேல் எந்தத் துண்டும் போகாதபடி பிரித்து அனுப்பினார்கள். மொத்தம் 2,766 துண்டு. 1862இல் எல்லாம் அரிக்கா துறைமுகத்தில் வந்து இறங்கியது. அங்கிருந்து தாக்னா வரை ரயில். அதற்கு மேல் கழுதையும் கூலியாட்களின் தோளும்தான்.

சில மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை. வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் ஸ்பெயினோடு போர், 1868இல் அரிக்காவைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம். யாவாரி ஏரியில் இறங்கியது 1870 டிசம்பர் 25 அன்று. கொதிகலனுக்கு நிலக்கரி கிடைக்காததால் காய்ந்த லாமா சாணியை எரித்து ஓட்டினார்கள். வறட்டி போட்டு ஓடிய கப்பல் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். 1914இல்தான் சுவீடனில் செய்த போலிண்டர் எஞ்சின் பொருத்தினார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. யாவாரி தண்ணீரில் இறங்கி நான்கு வருஷம்கூட ஆகவில்லை, 1874இல் அரேக்கிப்பாவிலிருந்து ஏரிக்கரையின் பூனோ நகருக்கு ரயிலே வந்துவிட்டது. அடுத்தடுத்து வந்த பெரிய கப்பல்கள், 1905இன் 'இன்கா', 1931இன் 'ஒய்யாந்தா', எல்லாம் ரயிலில் சொகுசாக வந்து சேர்ந்தவை. 1890இல் ரயிலையும் கப்பல்களையும் லண்டனில் பதிவான பெருவியன் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டது. கம்பளி கீழே துறைமுகத்துக்குப் போனது, சீமைச் சரக்கு மேலே வந்தது.

கப்பல்கள் ஏரியை ஒரு பாதையாக மாற்றின. மீனவர் வாழ்க்கையை அவை பெரிதாகத் தொடவில்லை. ஒரு துறையில் ஏறி இன்னொரு துறையில் இறங்குகிறவனுக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் வெறும் தூரம்தான். நீராவிக் கப்பலின் புகை தெரியும் தொலைவிலேயே கோரைப் படகுகள் வழக்கம்போல இரண்டு இரண்டாகப் போய் நடுவில் வலையை இழுத்துக்கொண்டிருந்தன. ஏரியை உண்மையிலேயே மாற்றிய சரக்கு பின்னால்தான் வந்தது, அது ஒரு மீன்.

சொந்த மீனும் வந்த மீனும்

டிட்டிகாக்காவின் சொந்த மீன்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம். 1839இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் இவற்றுக்கு ஒரெஸ்டியாஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் மலைகளில் வாழும் வனதேவதைகளின் பெயரை ஒட்டியது. பெயருக்குத்தான் தேவதை, பார்க்க எளிய மீன்கள், பெரும்பாலும் கையளவுக்கும் கீழே. வயிற்றுப் பக்கத்துத் துடுப்பு இவற்றுக்குக் கிடையாது. கரையோரக் கோரைக்குள் வாழும் கராச்சி, ஆழத்தில் கூட்டமாகத் திரியும் பொடி மீனான இஸ்பி, அப்புறம் போகா, உமாண்டோ. இவை தவிர மௌரி, சூச்சே என்று கெளுத்தி இனத்தில் இரண்டு. இதில் உமாண்டோதான் பெரியது, ஒரு சாண் நீளத்தைத் தாண்டும், மற்ற மீன்களைத் தின்று வாழ்வது.

1930களில் பெரு, பொலிவியா அரசுகளுக்கு இந்த மீன்கள் சில்லறையாகத் தெரிந்தன. இவ்வளவு பெரிய ஏரி, இவ்வளவு சின்ன மீனா? அமெரிக்காவிலிருந்து ஒரு மீன்வள அதிகாரி வந்து பார்த்தார், குளிர்ந்த தெளிந்த நீர், ட்ரவுட் விடலாம் என்றார். பூனோவுக்குப் பக்கத்தில் சுக்குயித்தோவில் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். 1940ஐ ஒட்டிய வருஷங்களில் வட அமெரிக்க ட்ரவுட் குஞ்சுகள் ஏரிக்கும் ஆறுகளுக்கும் போயின. விட்டதில் நன்றாக வேர்பிடித்தது வானவில் ட்ரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்கு இந்த மீன் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்ம மலைக்கும் கொண்டுவந்த அதே இனம்தான்.

ஏரியில் ட்ரவுட் பெருத்தது. இன்னொரு விருந்தாளி அழைக்காமலேயே வந்தது. அர்ஜென்டினாவின் பெஹெர்ரேய் என்ற மீனை பொலிவியாவில் தெற்கே இருக்கும் போப்போ ஏரியில் விட்டிருந்தார்கள். அது தெசாகுவாதேரோ ஆற்றை எதிர்த்து நீந்தி 1950களில் டிட்டிகாக்காவுக்குள் நுழைந்துவிட்டது.

விளைவு? உமாண்டோவை இன்றைக்கு அருங்காட்சியகக் கண்ணாடிக் குடுவையில்தான் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுவோடு அது ஏரியிலிருந்து காணாமல் போனது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அற்றுப்போன இனம். ட்ரவுட் அதன் குஞ்சைத் தின்றது, அது தின்ன வேண்டிய இரையையும் தின்றது. புதிய மீனுக்காக வந்த வலைகளும் சேர்ந்துகொண்டன. கராச்சி, போகாவும் நிறையக் குறைந்தன. 1981இல் தோலில் வெண்புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி நோய் பரவி, சொந்த மீன்கள் லட்சக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். ட்ரவுட் வந்ததில் கரைக்காரர்களுக்குக் காசு வந்தது. கராச்சியை உள்ளூர்ச் சந்தையில் பெண்கள் உருளைக்கிழங்குக்கும் தானியத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்த இடத்தில், ட்ரவுட்டுக்கு நகரத்தில் ரொக்கம் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் ட்ரவுட்டை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வந்தன, ஏற்றுமதியும் ஆனது. ஆலைக்குத் தினமும் மீன் வேண்டும். முட்டையிட ஆற்றுக்கு ஏறும் மீனைக்கூட விடாமல் பிடித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது ட்ரவுட் பாடு சரிந்து, ஆலைகள் மூடிக்கிடந்தன.

ஆலைக்காரர் போய்விட்டார், கரைக்காரர் எங்கே போவார்? அவர் திரும்பவும் கராச்சி, இஸ்பி, பெஹெர்ரேய் என்று கிடைப்பதைப் பிடித்து, இரண்டு காணி உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைப்பைப் பார்த்தார்.

பலகையும் நைலானும்

ட்ரவுட் போனாலும் அதோடு சேர்ந்து வந்த இரண்டு பொருள் தங்கிவிட்டன. ஒன்று நைலான் செவுள் வலை. பழைய வலைகள் கம்பளி, பருத்தி நூலில் பின்னியவை, சீக்கிரம் மக்கும். நைலான் மக்காது, தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் போதும். மற்றது பலகைப் படகு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்டிஸுக்கு வந்த யூகலிப்டஸ் மரம் அதற்குள் பல பள்ளத்தாக்குகளில் வளர்ந்திருந்தது. பலகைக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒன்றிரண்டு தச்சர்கள் உருவானார்கள்.

மீனவர் கணக்கு நேரடியானது. கோரைப் படகு ஒரு வருஷம்கூடத் தாங்காது, பலகைப் படகு கலப்பத்து பார்த்துப் பராமரித்தால் பல வருஷம் தாங்கும். வலையை ஏற்றி ஆழத்துக்குப் போகலாம், பின்னால் எஞ்சினும் மாட்டலாம். 1970, 80களில் கோரைப் படகு தொழிலிலிருந்து வேகமாக விலகியது. இன்றைக்கு உரோ தீவுகளுக்குப் போகிறவர்கள் பார்க்கும் விலங்குத் தலை வைத்த பெரிய கோரைப் படகுகள் சுற்றுலாவுக்கானவை. சிலவற்றின் வயிற்றுக்குள் மிதப்பதற்காகப் பிளாஸ்டிக் பாட்டில்களை அடைத்திருப்பார்கள். அதைப் பார்த்துச் சிலர் போலி என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. எது மிதக்குமோ அதை வைத்துக் கட்டுவதுதானே அந்த ஊரின் வழக்கம்?

கரைக்கு நேரே இருக்கும் தண்ணீர்

இப்போது ஆரம்பத்துக் கேள்விக்கு வரலாம். பெஞ்சமின் ஆர்லோவ் என்ற மானிடவியலாளர் பல வருஷம் இந்த மீனவர்களோடு பழகி 2002இல் 'லைன்ஸ் இன் த வாட்டர்' என்ற நூலை வெளியிட்டார். அவரும் தொமினிக் லெவியேயும் சேர்ந்து எழுதிய ஆய்வு சொல்வது இது: பெரு நாட்டுச் சட்டப்படி ஏரி பொது, அனுமதிச் சீட்டு வாங்கிய குடிமகன் எவரும் எங்கேயும் மீன் பிடிக்கலாம். ஆனால் நடைமுறையில் கரையோரத்தில் அநேகமாக ஒவ்வொரு ஊருக்கும் எதிரே இருக்கும் தண்ணீர் அந்த ஊருடையது. இரண்டு ஊர்களின் நில எல்லை கரையில் எங்கே முடிகிறதோ, அந்தக் கோடு அப்படியே ஏரிக்குள் நீள்கிறது. வெளியூர்க்காரன் வலை போட்டால் முதலில் எச்சரிக்கை, அடுத்தது வலை பறிமுதல்.

எந்த ஆவணத்திலும் இல்லாத இந்தக் கோடுதான் சொந்த மீன்களில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றியது என்று நான் புரிந்துகொள்கிறேன். பெரிய படகும் நீள வலையும் வைத்திருக்கும் வெளி முதலாளி ஏரி முழுவதையும் துழாவ முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் ஓர் ஊர் எழுந்து நிற்கும். ஊருக்குள் சண்டையில்லை என்று சொல்லவில்லை. பக்கத்து ஊரோடு கைகலப்பு உண்டு, வலை திருட்டு உண்டு. நிலமில்லாமல் மீனை மட்டுமே நம்பியிருந்த உரோ மாதிரியான மக்களுக்கு இந்தக் கோடு எப்போதும் அனுகூலமாக இருந்ததும் இல்லை. ஆனாலும் கோடு நின்றது.

1978இல் பெரு அரசு பூனோ விரிகுடாவிலும் ராமிஸ் பகுதியிலும் கோரைக் காடுகளைச் சேர்த்து 36,180 ஹெக்டேரில் டிட்டிகாக்கா தேசியக் காப்பகத்தை அறிவித்தது. நோக்கம் நல்லது, பறவைகளும் கோரையும் பிழைக்க வேண்டும். ஆனால் கோரை இனி அரசுச் சொத்து, அறுக்க அனுமதி வாங்கு என்றால்? தாத்தா நட்ட பாத்தியை அறுக்கப் பேரன் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கரை ஊர்கள் பல ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், பேசினார்கள், அனுமதி வாங்காமலேயே அறுக்கவும் செய்தார்கள். அதிகாரிகள் இயற்கைக் காடு என்று பார்த்ததை இவர்கள் தோட்டம் என்று பார்த்தார்கள். இரண்டு பேரும் அதே கோரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல், ட்ரவுட், காப்பகம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு ஒற்றுமை தெரியும். மூன்றுமே தலைநகரத்திலோ வெளிநாட்டிலோ போட்ட திட்டம். மூன்றிலும் ஏரி ஒரு காலி இடமாகக் கருதப்பட்டது: ஒருவருக்குக் காலிப் பாதை, ஒருவருக்குக் காலி மீன்தொட்டி, ஒருவருக்கு ஆளில்லாத காடு. கரைக்காரர்கள் மூன்றையும் முழுசாக எதிர்க்கவும் இல்லை, முழுசாக ஏற்கவும் இல்லை. தங்கள் கோட்டுக்குள் எது அடங்கியதோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டைத் தாண்டி வருவது

இங்கே நிறுத்தினால் மனசுக்கு இதமான முடிவாக இருக்கும். ஆனால் இப்போதைய நிலவரம் அப்படியில்லை.

பொலிவியப் பக்கத்தில் எல் ஆல்தோ மலைமேல் வளர்ந்த பெருநகரம். அதன் கழிவு காத்தாரி ஆறு வழியாகச் சின்ன ஏரியின் கொஹானா விரிகுடாவில் சேர்கிறது. பெரு பக்கத்தில் ஹூலியாக்கா நகரத்தின் சாக்கடை கோவாத்தா ஆற்றில் கலந்து பெரிய ஏரிக்கு வருகிறது. 2016இல் கோவாத்தா ஆற்றில் ஏரியின் ராட்சதத் தவளைகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. தண்ணீருக்குள்ளேயே தோலால் மூச்சுவிடும் தவளை அது, தண்ணீர் கெட்டால் அதுக்கு ஒளிய இடமில்லை. ட்ரவுட்டும் திரும்பி வந்திருக்கிறது, இந்த முறை கூண்டுக்குள். பெரு நாட்டின் வளர்ப்பு ட்ரவுட்டில் பெரும்பகுதி பூனோவிலிருந்துதான். கூண்டுக்கு அடியில் தீவன மிச்சமும் கழிவும் படிகிறது.

தண்ணீரும் நிலையாக இல்லை. 1940களின் வறட்சியில் இறங்கிய மட்டத்துக்கும் 1986 வெள்ளத்தில் ஏறிய மட்டத்துக்கும் இடையே 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம், ஆகவே ஏறி இறங்குவது இந்த ஏரிக்குப் புதிதில்லை. ஆனால் 2023இல் மட்டம் பதிவான மிகக் குறைந்த அளவை நெருங்கியது. கோரைப் பாத்திகள் வெடித்த சேற்றில் நின்றன, படகுகள் தரை தட்டிக் கிடந்தன. வரும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிற ஏரி என்று மேலே சொன்னேனே, மழை தப்பி வெயில் கூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். பெஹெர்ரேய் நீந்தி வந்த அதே ஆற்றின் மறுமுனையில் இருக்கும் போப்போ ஏரி 2015 கடைசியில் வற்றிப்போனது. அதன் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த உரு மக்கள் சுரங்கத்துக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போனார்கள்.

பக்கத்து ஊர்க்காரன் வலையைப் பறிக்கலாம். ஆலைக்காரன் படகைத் திருப்பி அனுப்பலாம். அதிகாரியோடு கூட்டம் போட்டுப் பேசலாம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நகரத்தின் சாக்கடையை எந்தக் கோடு போட்டு நிறுத்துவது? அதற்கு இரண்டு நாட்டு அரசும் கூட்டாக வேலை செய்தாக வேண்டும். 1990களிலேயே இதற்கென இருநாட்டு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை ஹூலியாக்காவின் கழிவும் எல் ஆல்தோவின் கழிவும் ஏரிக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன.

யாவாரி கப்பலை 1987இல் மெரியல் லார்க்கன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி விலைக்கு வாங்கி, நிதி திரட்டிப் பழுதுபார்த்து, பூனோவில் அருங்காட்சியகமாக்க வைத்தார். கழுதை சுமந்த இரும்புத் தகடுகள் 150 வருஷம் கழித்தும் துருப்பிடித்து உதிராமல் இருக்கின்றன. ஏரியின் உயரக் குளிரும் நன்னீரும் காரணம் என்கிறார்கள். இரும்புக்கு அந்தத் தண்ணீர் நல்லதாகவே இருந்திருக்கிறது. கராச்சிக்கும் இஸ்பிக்கும் அது இனியும் நல்லதாக இருக்குமா என்பதைக் கரை ஊர்கள் மட்டும் தனியாக முடிவுசெய்ய முடியாது.